போனில் ஏறிய வெள்ளிக்கிழமை மேடை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
9 மே 2020.

அன்புள்ள ப்ரியம்வதாவுக்கு,

சாரங்கபாணி எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். சமையல்தான் அவ்வளவு நலமாக இல்லை. உன் ரசப்பொடி டப்பாவைக் கண்டுபிடிக்க எனக்கு நாற்பது நாள் ஆயிற்று. அதுவரை ரசம் என்று நினைத்து நான் குடித்ததெல்லாம் வெறும் புளித்தண்ணீர். அனுக்ரஹா எழுந்து நடக்கிறாளா? குழந்தை ராத்திரி தூங்கவிடுகிறதா? ஸ்ரீவத்ஸ் அனுப்பிய போட்டோவில் குழந்தை யாரையோ முறைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியே நீதான். புனேயில் இன்று எத்தனை பேருக்குக் கொரோனா என்று செய்தியில் சொல்லும்போது டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன். காய்கறியைக் கழுவாமல் உள்ளே எடுக்காதே. மருமகளும் பேத்தியும் இருக்கிற வீடு.

தினமும் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், கடிதம் எதற்கு என்பாய். அங்கே போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது. நான் சாப்பிட்டாயா என்று கேட்டால் மூன்று பேர் பதில் சொல்கிறார்கள். அது போக, முப்பத்து நான்கு வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஊரையெல்லாம் பேச வைத்தவனுக்குத் தான் பேசுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியாததா? ஸ்பீடு போஸ்ட் மறுபடியும் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பேனாவை எடுத்துவிட்டேன்.

முதலில் கஷ்டமான செய்தி. நம் 'வெள்ளிக்கிழமை மேடை' நாடகக் குழுவின் சித்திரைக் கடைசி வெள்ளிக்கிழமை விழா நடக்கவில்லை. பதினான்கு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. கல்யாண மண்டபத்துக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார், நல்ல மனுஷர். ஆனால் வருஷம் முழுக்க ராஜபாளையத்து மில் குடியிருப்புகளில் நாம் போடுகிற இலவச நாடகங்கள், பதினோரு கலைஞர்களின் மாதச் சம்பளம், ஒத்திகைக் கொட்டகையின் வாடகை எல்லாமே அந்த ஒரு நாள் டிக்கெட்டையும் விழா மலர் விளம்பரத்தையும் நம்பித்தானே இருந்தன. நாகஜோதி வேலை பார்த்த மில் மூடிக் கிடக்கிறது. மேடையில் எத்தனையோ ராணி வேஷம் கட்டியவள், இப்போது சோழபுரத்தில் வெங்காயம் உரிக்கிற வேலைக்குப் போகிறாள். அவளுக்கு ஜோடியாக நடிக்கிற சிவபாண்டிக்குச் சேத்தூரில் இருக்கிற மெக்கானிக் கடைக்கு ஒரு வண்டிகூட வருவதில்லை.

நன்கொடை கேட்பது உன் வேலை, நாடகம் எழுதுவது என் வேலை என்று ஆரம்பத்திலேயே பிரித்துக்கொண்டோம். இந்தத் தடவை கேட்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. போன வருஷ மலரை எடுத்து வைத்துக்கொண்டு விளம்பரம் கொடுத்தவர்களின் நம்பரைச் சுற்ற உட்கார்ந்தேன். முதல் நம்பருக்கு மூன்று தடவை அடித்து, மணி அடிக்க ஆரம்பித்ததுமே மூன்று தடவையும் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டு, யாருங்க, மூணு மிஸ்டு கால் கெடக்கே என்றார். ராங் நம்பர் என்று சொல்லிவிட்டேன். சிரிக்காதே.

மறுநாள் தைரியம் வரவழைத்துக்கொண்டு ஒன்பது பேரிடம் பேசினேன். வருஷா வருஷம் பின்னட்டை விளம்பரம் தருகிற மில்லின் மேனேஜர், "சார், நூல் மூட்டை கோடவுன்ல கூரை வரைக்கும் நிக்கி. எடுக்க ஆளில்ல. இந்த நேரத்துல நாடகத்துக்குக் கேக்கீங்களே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மற்ற எட்டுப் பேரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள்.

இனி நல்ல செய்தி. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நம் தபேலாக்காரன் வேல்சாமி பிப்ரவரியில் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான் அல்லவா? பாதி லாரியும் பாதி நடையுமாக ஊர் வந்து சேர்ந்தான். சேத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினான்கு நாள் தனியாக வைத்துவிட்டார்கள். ஒரு ஹாலில் இருபத்தாறு பேர். போன திங்கட்கிழமை சாயங்காலம் நாகஜோதிக்குப் போன் போட்டு, "எனக்கு ஒண்ணுமில்லக்கா, ஆனா இங்க யாரும் யார்கூடயும் பேச மாட்டேங்காங்க, பயமா இருக்கு" என்று அழுதிருக்கிறான். அவள் உடனே சிவபாண்டியையும் அதே லைனில் இழுத்து, நம் நாடகத்தின் வாடகை சைக்கிள் காட்சியை இரண்டு பேருமாக அவனுக்கு நடித்துக் காட்டியிருக்கிறார்கள். அதாவது பேசிக் காட்டியிருக்கிறார்கள். வேல்சாமி ஸ்பீக்கரைப் போட்டு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் போனை வைத்துவிட்டான். இருபத்தாறு பேரும் சிரித்த சிரிப்பில், காவலுக்கு நின்ற போலீஸ்காரர் என்ன கலாட்டா என்று உள்ளே வந்தவர், ஜன்னலோரமாக நின்று கடைசி வரை கேட்டுவிட்டுப் போனாராம்.

மறுநாள் அந்த ஹாலில் இருக்கிற ஒருவர் நாகஜோதிக்கு நூறு ரூபாய் அனுப்பி, இன்னிக்கும் உண்டா என்று கேட்டிருக்கிறார். அவள் உடனே என்னைக் கூப்பிட்டாள். "சார், மேடை இல்ல, லைட்டு இல்ல, நான் சட்டி கழுவிக்கிட்டே நடிச்சேன் சார். அவிய அம்புட்டுப் பேரும் சிரிச்சாக சார்!" எனக்குக் கையும் காலும் ஓடவில்லை, ப்ரியம். கூடத்துக்கும் அடுக்களைக்கும் பத்துத் தடவை நடந்தேன். போனில் நாடகம்! இத்தனை வருஷம் கம்பத்துக்குக் கம்பம் நான் போன் கம்பியை இழுத்துக்கொண்டு போனது இதற்காகத்தானோ என்று தோன்றியது.

நீ புனேக்குக் கிளம்புகிற அன்று, இந்த வருஷ விழாவோடு மேடையை மூடிவிடலாம், இனிமேல் என்னால் ஆகாது என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அதைப் பற்றிப் பிறகு பேசுவோம். இப்போது எனக்கு ஒரு யோசனை மட்டும் சொல். போனில் போடுகிற நாடகத்துக்கு ஜனங்களிடம் எப்படிப் பணம் கேட்பது?

குழந்தைக்கு என் ஆசி. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
சாரங்கபாணி.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
12 ஜூலை 2020.

அன்புள்ள ப்ரியம்வதாவுக்கு,

உன் கடிதம் பதினோரு நாள் பயணம் செய்து மே கடைசியில் வந்து சேர்ந்தது. நான்கு பக்கமும் குழந்தையைப் பற்றி. கடைசியில் போனால் போகிறதென்று மேடையைப் பற்றி இரண்டே வரி. அந்த இரண்டு வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று சொன்னால் நம்பமாட்டாய். "தனக்காக யாரும் நாடகம் வாங்க மாட்டார்கள். வேறு யாருக்காவது வாங்கித் தரச் சொல்லிப் பாருங்கள்." அவ்வளவுதான் எழுதியிருந்தாய். அந்த இரண்டு வரிதான், ப்ரியம், இப்போது பதினோரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது!

ஏற்பாட்டைச் சொல்கிறேன். பன்னிரண்டு நிமிஷ நாடகம், இரண்டு குரல். யார் வேண்டுமானாலும் வேறு ஒருவருக்காகக் கேட்கலாம். வெளியூரில் மாட்டிக்கொண்ட மகன் அம்மாவுக்கு, சிநேகிதி சிநேகிதிக்கு, இப்படி. எந்த நேரம் என்று சொன்னால் அந்த நேரத்துக்கு நாங்கள் கூப்பிட்டு நடிப்போம். விலை வைக்கவில்லை. கொடுப்பது அவரவர் இஷ்டம்.

முதல் வாரம் மூன்றே பேர் கேட்டார்கள். அதில் முதல் ஆளே மானத்தை வாங்கிவிட்டார். நாகஜோதி வணக்கம் சொல்லி, உங்களுக்கு ஒரு நாடகம் வந்திருக்கு என்றதும், "எனக்கு எந்தப் பார்சலும் வேண்டாம், ஓடிபியும் சொல்ல மாட்டேன்" என்று வைத்துவிட்டார். அதன் பிறகுதான், கேட்கிறவர்கள் முன்கூட்டியே வீட்டில் சொல்லி வைக்க வேண்டும் என்று விதி போட்டோம். இரண்டாவது நாடகத்தில் சேவல் கூவுகிற இடத்தில் சிவபாண்டி கூவுவதற்குள் நிஜச் சேவல் ஒன்று முந்திக்கொண்டது. சார், அதுக்கும் சம்பளம் உண்டா என்று கேட்கிறான்.

இன்னும் ஆள் வேண்டும், யாரைக் கேட்பது என்று யோசித்தபோதுதான் உன் நன்கொடை நோட்டு ஞாபகம் வந்தது. பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. நம்பருக்காகத்தான் பிரித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நீ குறித்து வைத்திருப்பதை முதன்முறையாக அன்றுதான் படித்தேன். 'மதியம் போகக்கூடாது, தூங்குவார்.' 'இவர் தாயாருக்கு மூட்டுவலி, முதலில் அதைக் கேட்கணும்.' 'சிமெண்டுக்கடை ரங்கநாத்: தெலுங்கில் பாகுன்னாரா என்று நலம் விசாரித்து ஆரம்பித்தால் முகம் தெளியும்.' படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பாக வந்தது. ரங்கநாத்துக்கு உடனே போன் போட்டு, என் வாய்க்கு வந்த தெலுங்கில் பாகுன்னாரா என்றேன். அவர் ஒரு நிமிஷம் சிரித்துவிட்டு, "அம்மா சொல்லிக் கொடுத்தாங்களா?" என்றார். கடையில் மூட்டை தூக்குகிற பதினெட்டுப் பேர் வீட்டில் சும்மா இருக்கிறார்கள், வீட்டுக்கு ஒரு நாடகம் போடுங்கள் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். நானாகக் கேட்டு வாங்கிய முதல் நன்கொடை! சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட நாள் மாதிரி இருந்தது.

அதன் பிறகும் பக்கங்களைப் புரட்டினேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் சோலைச்சாமி கதை.

வன்னியம்பட்டியில் சோலைச்சாமி என்று ஒருவர். அறுபத்தைந்து வயசிருக்கும், கொஞ்சம் பருத்திக்காடு இருக்கிறது. மகன் சிங்கப்பூரில். சோலைச்சாமியின் மனைவி மாரியாத்தாள் ஏப்ரலில் தவறிவிட்டார். மகனால் வர முடியவில்லை. அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் அப்பா ம் என்கிறாரே தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஒரு சிரிப்பு நாடகம் போடுங்கள் என்று மகன் கேட்டார். புருஷன் பெண்டாட்டிச் சண்டை இருக்கிற நாடகமாக இருக்கட்டும், அவர்கள் இரண்டு பேரும் சண்டை போடாத நாளே கிடையாது என்றும் அவரே சொன்னார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் 'குழம்பு' நாடகத்தைக் கொடுத்தேன். பெண்டாட்டி குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பாள், புருஷன் பன்னிரண்டு நிமிஷம் நழுவுவான். நாகஜோதி பெண்டாட்டி, சிவபாண்டி புருஷன். நானும் அதே லைனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாடகம் ஆரம்பித்த இரண்டாவது நிமிஷம் சேத்தூரில் டவர் போய்விட்டது. சிவபாண்டி லைனில் இல்லை. அது தெரியாமல் நாகஜோதி, "கேட்டுக்கிட்டே இருக்கேன், குழம்பு எப்படி இருக்குன்னு வாயைத் திறந்து சொன்னா என்ன?" என்கிறாள். பதில் இல்லை.  லைன் போனதை அவளும் புரிந்துகொண்டுவிட்டாள் என்பது அவள் மூச்சிலேயே தெரிந்தது.

அப்போது இன்னொரு குரல் கேட்டது. "உப்பு சரியாத்தான் இருக்கு. புளிதான் செத்த தூக்கல்."

சோலைச்சாமி.

நாகஜோதி நொடி நேரம்தான் தடுமாறினாள். "அப்ப நாளைக்கு நீங்களே வைங்க" என்றாள். "வைக்கேன். எனக்கென்ன வைக்கத் தெரியாதா? நீ பேறுகாலத்துக்குப் போயி மூணு மாசம் உக்காந்திருந்தியே, அப்ப யாரு வச்சுத் தின்னா?" என்றார் அவர். அவள் விடவில்லை. அந்த மூணு மாசமும் பக்கத்து வீட்டுக் குழம்பைத் தின்னுட்டுப் பேச்சைப் பாரு என்று ஒரு போடு போட்டாள். அவர் பிடித்துக்கொண்டார். பருத்தி விலை, மகன் அனுப்பிய வாட்ச், தொலைந்துபோன வெள்ளாட்டுக்குட்டி என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சண்டை. நான் எழுதிய வசனம் ஒன்றுகூட அதில் இல்லை. அந்த மாதிரி ஒரு நாடகத்தை நான் இந்த ஜன்மத்தில் எழுதப் போவதும் இல்லை. கடைசியில் அவர், "சரி, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார்.  அதற்கு நாகஜோதி, "நான் சாப்பிட்டேன். நீங்க சாப்பிடுங்க, ஆறிப்போவும்" என்றாள். "ம். சாப்பிடுதேன்" என்று வைத்துவிட்டார்.

அவள் அழுதுகொண்டே என்னைக் கேட்டாள், நாம செஞ்சது தப்பா சார் என்று.  இரண்டு நாள் நானும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சிங்கப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டார். அப்பா குழம்பு வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்திருக்கிறார். பயந்து பயந்து மகன் விசாரித்ததற்கு, "அந்தப் பிள்ள நல்லாப் பேசுச்சுடா. நாடகம்னு எனக்குத் தெரியாதா, நான் என்ன கிறுக்கனா? பேசணும்போல இருந்துச்சு, பேசுனேன்" என்றாராம்.

அன்றைக்கே உட்கார்ந்து எல்லா நாடகத்தையும் திருத்தி எழுதினேன். ஒவ்வொன்றிலும் ஒரு வேடத்தைக் கேட்கிறவருக்கு விட்டுவிட்டேன். விரும்பினால் பேசலாம், இல்லையென்றால் சும்மா கேட்கலாம். சிங்கப்பூர் மகன் தன் சிநேகிதர்களிடம் சொல்ல, அவர்கள் மஸ்கட்டில் இருக்கிறவர்களிடம் சொல்ல, நேற்று வரைக்கும் நூற்று அறுபத்திரண்டு நாடகம்! ஜூன் மாதச் சம்பளத்தைப் பதினோரு பேருக்கும் முழுதாகக் கொடுத்துவிட்டேன். கொட்டகை வாடகையும் கொடுத்தாயிற்று. நாகஜோதி வெங்காயம் உரிக்கப் போவதை நிறுத்திவிட்டாள்.

இப்போது நோட்டு விஷயம். பின்னட்டை விளம்பரம் தருகிற அந்த மில்லுக்கு என்று நீ தனிப்பக்கம் வைத்திருக்கிறாய். 2011: 'மூன்று மணி நேரம் காத்திருந்தேன்.' 2014: 'உட்காரச் சொல்லவில்லை. நின்றே பேசினேன்.' 2017: 'உங்க வீட்டுக்காரர் ஏன் வரமாட்டேங்கிறார், உங்களை ஏன் அனுப்புகிறார் என்று ஆட்கள் முன்னால் கேட்டார். சிரித்துக்கொண்டேன்.' 2019: 'நாளைக்கு வரச் சொன்னார். நாலு நாளைக்கு.' நான் நாலு தடவை மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். அந்த நாட்களில் எல்லாம் நீ சாயங்காலம் வந்து, கிடைத்துவிட்டது என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாய். நான் அப்படியா என்று கேட்டுவிட்டு வசனத்தைப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

நோட்டைப் பழையபடி புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஆடிப்பூரத்துக்கு இந்த வருஷம் வீதியில் கூட்டம் இருக்காது என்கிறார்கள். தூரத்தில் நின்றாவது குழந்தை பேரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வருகிறேன். நீ தைலம் தேய்த்துக்கொள்கிறாயா? முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

உன்,
சாரங்கபாணி.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
5 செப்டம்பர் 2020.

அன்புள்ள ப்ரியம்வதாவுக்கு,

நேற்று வெள்ளிக்கிழமை. நேற்று நடந்ததை எழுதாமல் இன்று காப்பிகூடக் குடிக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் கொடுத்த பணம் நம்மைத் தூக்கி நிறுத்தியது உண்மை. ஆனால் மேடை ஆரம்பித்தது மில் குடியிருப்புகளுக்காக. அவர்களுக்கு ஐந்து மாதமாக ஒன்றுமே போடவில்லை என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் ஆபீசில் ஜூனியராக இருந்த ஜெயபாண்டி இப்போது சென்னையில் ஒரு கால் சென்டர் கம்பெனியில் இருக்கிறான். அவன் முதலாளியிடம் கேட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு மணி நேரம் தங்கள் லைன்களை நமக்கு விட்டுத் தந்திருக்கிறான். ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், அது திருப்பிக் கூப்பிட்டு நாடகத்தைக் கேட்க வைக்கும். பட்டன் போனுக்கும் வரும். காசு கிடையாது.

போன மாதம் முதல் வெள்ளிக்கிழமை நானூற்றுப் பத்து போன் வந்தது. நேற்று இரண்டாயிரத்து முந்நூற்று ஏழு! ஒரு போனைச் சுற்றி எத்தனை பேர் உட்கார்ந்தார்களோ. டீவிஎஸ் ஃபிப்டியை எடுத்துக்கொண்டு, மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, ராஜபாளையம் குடியிருப்புப் பக்கம் நானே போய்ப் பார்த்தேன். ஒரு வரிசையில் இருபது வீடு. இருபது வாசலிலும் ஆட்கள். எல்லா வீட்டுப் போனிலிருந்தும் நாகஜோதி குரல். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் அரை நொடி வித்தியாசம். அதனால் சிரிப்பு தெருவின் ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனைக்கு உருண்டு போயிற்று. ஐயோ, நீ பார்த்திருக்க வேண்டும்! வண்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

அந்த வரிசையில் இருளம்மாள் என்று ஒரு அம்மா. மில்லில் கழிவுப் பஞ்சு கூட்டுகிறவர். போன மாதம் முதல் வெள்ளிக்கிழமை நான் போனபோதே என்னை அடையாளம் கண்டுகொண்டு, "பதினாலு வருசமா சும்மாவே பாத்துக்கிட்டோம். நீங்களும் எங்ககிட்ட ஒரு நாளும் கேட்டதில்ல. ஏன் கேக்கல?" என்றார். கோபமாகவே கேட்டார். உங்களிடம் எப்படி என்று இழுத்தேன். "எங்ககிட்ட இல்லன்னு நீங்களா முடிவு பண்ணிக்கிட்டியளா?" என்றார். 

அவர்களிடம் பணம் அனுப்புகிற ஆப் எல்லாம் கிடையாது. அவர்களாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பெட்டிக்கடைக்குப் போய் நடிகர்களின் நம்பருக்கு ரீசார்ஜ் செய்கிறார்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய். இரண்டே வாரத்தில் சிவபாண்டியின் போனில் ஏறிய தொகைக்கு அவன் ஆயுசு முழுக்கப் பேசலாம். சார், நிப்பாட்டச் சொல்லுங்க, என் பொண்டாட்டி சந்தேகப்படுதா என்று கெஞ்சுகிறான். அப்புறம் பெட்டிக்கடை பால்ச்சாமியே நடுவில் புகுந்து, ரீசார்ஜ் வேண்டாம், என்னிடம் கொடுங்கள், மொத்தமாகக் கணக்கில் போட்டுவிடுகிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டார். இப்போது ஐந்து கடைகளில் அந்த ஏற்பாடு. மாதம் பத்து ரூபாய் வீதம் பேர் கொடுத்தவர்கள் தொள்ளாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். இந்த நோய் ஓய்ந்து நாம் மறுபடி மேடை ஏறினாலும் இந்தப் பத்து ரூபாய் தொடரும் என்று அவர்களே சொல்கிறார்கள்.

போன வாரம் அந்த மில் மேனேஜர் கூப்பிட்டார். மில் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டதாம், தொழிலாளிகள் எல்லாரும் வெள்ளிக்கிழமை நாடகத்தைப் பற்றியே பேசுகிறார்களாம். ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்னால் மில் பெயரைச் சொன்னால் நல்ல தொகை தருவதாகச் சொன்னார். வழக்கம் போல அம்மாவை அனுப்பி வையுங்கள், பேசிக்கொள்ளலாம் என்றார்.  இந்தத் தடவை நான் போனை வைத்துவிடவில்லை. அம்மா இனி அங்கே வரமாட்டார்கள், நீங்கள் கொட்டகைக்கு வாருங்கள், உங்களுக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன் என்றேன். பெயர் சொல்வதானால் தொள்ளாயிரம் பேர் பெயரையும் சொல்ல வேண்டிவரும், அதற்கே நாடக நேரம் முடிந்துவிடும் என்றும் சொன்னேன். அவர் வைத்துவிட்டார். வந்தால் வரட்டும். வராவிட்டாலும் அடுத்த மாதச் சம்பளத்துக்குக் குறைவில்லை.

ஸ்ரீவத்ஸ் இங்கே இருக்கிற நம் வீட்டை விற்பதற்கான பத்திரத்தை அனுப்பியிருக்கிறான். நீங்கள் இரண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்கள், இந்தக் காலத்தில் தனியாக இருக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறான். அவன் சொல்வது தப்பென்று சொல்ல மாட்டேன். எனக்கு அறுபத்தொன்று, உனக்கு ஐம்பத்தெட்டு. பேத்தியின் முகத்தை நான் இன்னும் போன் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறேன். பத்திரத்தை மேஜை மேல் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் அவனிடம் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் எதையும் சொல்வதாக இல்லை.

உனக்குக் குழந்தையின் பக்கத்தில் இருக்கத்தான் ஆசை என்றால் இருந்துவிடு. மனப்பூர்வமாகச் சொல்கிறேன். வேண்டுமானால் நானும் அங்கே வருகிறேன், அங்கிருந்தும் நாடகம் எழுதலாம். பதினோரு பேரும் தங்கள் காலில் நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். மேடைக்காக நீ வர வேண்டாம். யாரிடமும் எதுவும் கேட்பதற்காக நீ வர வேண்டாம்.

திங்கட்கிழமையிலிருந்து நம்மூர்ப் பக்கம் ரயிலும் பஸ்ஸும் ஓடும் என்று அறிவித்திருக்கிறார்கள். புனேயிலிருந்து எப்படி வருவது, எங்கே மாறுவது என்று நான் விசாரித்து வைத்திருக்கிறேன். தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளத்தான். அடுக்களையில் இரண்டு பேருக்கு ஆகிற மாதிரி ரசம் வைக்கவும் இப்போது வருகிறது. சில நாள் பழக்கத்தில் அளவு தப்பி அப்படித்தான் வைத்துவிடுகிறேன்.

ஸ்ரீவத்ஸுக்கும் அனுக்ரஹாவுக்கும் குழந்தைக்கும் பெருமாள் எந்தக் குறையும் வைக்க மாட்டார். நீ நன்றாக இரு. வருவதாக இருந்தால் எந்த வண்டி, எத்தனை மணிக்கு மதுரை என்று ஒரு வரி எழுது. நான் முன்னாடியே போய் நிற்கிறேன்.

உன்,
சாரங்கபாணி.